வில்லன் சுக்குக் காப்பி குடிப்பானா?

வாங்க, வாங்க, உள்ள வாங்க. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. வேடசந்தூர்ல இருந்து நின்னுட்டேதான் வந்தீங்களா? முகமே வாடிக் கெடக்குது. முதல்ல இந்தச் சுக்குக் காப்பியக் குடிங்க. எங்கூட்டுக்காரி போட்டு ஃபிளாஸ்க்குல ஊத்திக் குடுத்தது. கடையில கெடைக்கறது மாதிரி இருக்காது.

நான்தானுங்க வெள்ளியங்கிரி. உங்களுக்கு ஃபோன் பண்ணுனது நான்தான். இந்த அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செக்ரட்டரி. முன்னால மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தேன். எவன் எப்ப உள்ள வந்தான், எவன் எந்த மிஷினுக்குப் பின்னால போய்த் தூங்குனான், எல்லாம் எம்பட விரல் நுனியில இருக்கும். ரிட்டயர் ஆனப்புறம் இந்தச் சரவணம்பட்டிக்கு வந்தோம், இவங்களும் நம்மளைப் புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. எலெக்சன்ல போட்டியே கெடையாதுங்க. ஒவ்வொரு தடவையும் நான்தான். எதுத்து நிக்கறதுக்கு இது வரைக்கும் ஒருத்தரும் முன்னுக்கு வரலை.

மேல போகோணுங்களா? போலாம், போலாம். உங்க புள்ள வீடு நாலாவது மாடி. ஆனா சட்டுனு போக முடியாதுங்க. கேட்டுல செக்யூரிட்டி உங்க பேரைக் கேட்டு ஃபோன்ல தட்டுனானில்ல, அது மேல உங்க புள்ள ஃபோனுக்குப் போகோணும். 'இவரை உள்ள விடலாமா'ன்னு கேக்கும். அது சரின்னு அமுக்குனாத்தான் லிஃப்ட் வேலை செய்யும். பெத்த அப்பனா இருந்தாலும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம்.

அமுக்கலையான்னு கேக்கறீங்க. அது அமுக்க முடியாதுங்க. நேத்தே அந்த வீட்டு ஃபோனுக்கு வர்ற கேட்டு ஆப்பை நிறுத்திட்டேன். நடவடிக்கைன்னா அதெல்லாம் இருக்கும். அதனாலதான் நானே கேட்டுக்கு வந்து உங்களை இந்தச் சங்க ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்தது. இல்லைன்னா வெயில்ல நின்னிருப்பீங்க. மனசாட்சி இருக்குதுங்க எனக்கு.

இந்த டிவியப் பாருங்க. கட்டம் கட்டமாத் தெரியுதில்ல? ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கட்டம், லிஃப்ட்டுக்கு ஒண்ணு, கேட்டுக்கு ஒண்ணு, குப்பைத் தொட்டிக்கு ஒண்ணு. இதோ, இந்த மூலையில இருக்கறதுதான் உங்க புள்ள மதிவதனி வீட்டுக் கதவு. மூடியிருக்குது பாருங்க. உள்ளதான் இருக்குது புள்ள. நான் பாத்த வரைக்கும் கதவைத் தொறக்கலை. இந்தக் கட்டத்துல கேட்டுக்கு வெளிய நிக்கறது சாமான் ஏத்தற வண்டி. நான்தான் வரச் சொன்னேன். இன்னைக்கு அது வீட்டைக் காலி பண்ணியாகோணும். கமிட்டி முடிவு.

உங்ககிட்ட நான் கேக்கறது ஒரே ஒரு வார்த்தைதானுங்க. 'எம்பட புள்ளைய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்' அப்படின்னு உங்க வாயால சொல்லிட்டீங்கன்னாப் போதும். முடிஞ்சுது. இல்லைன்னு வெய்ங்க, வயசுப் புள்ளையச் செக்ரட்டரி நடுரோட்டுல உட்டுட்டாருன்னு நாளைக்கு இவங்களே பேசுவாங்க. அப்பனே வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது. அதுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

யோசிக்கறீங்க. யோசிங்க. வண்டிக்காரன் சித்தே நிப்பான்.

என்ன தப்புப் பண்ணுச்சுன்னு கேட்டீங்கல்ல? சொல்றேன். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லியாகோணும். எனக்கு அந்தப் புள்ளைய ரொம்பப் புடிக்குங்க. பொய்யில்லை. இந்த அப்பார்ட்மெண்ட்டுலயே எங்கூடப் புஸ்தகம் பேசத் தெரிஞ்ச ஒரே ஆளு அது. நான் பெரிய படிப்பாளிங்க. மில்லுலயே எம்பட மேசைக்கடியில எப்பவும் ஒரு நாவல் இருக்கும். இங்க வந்ததும் கீழ ஹால்ல ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டம் ஆரம்பிச்சேன். ஆரம்பத்துல யாரும் வரலை. அப்புறம் வராத வீட்டுக்குக் கார் நிறுத்தற இடத்தைக் குப்பைத் தொட்டிப் பக்கம் மாத்திக் குடுத்தேன். இப்ப ஹால் நிறைஞ்சிருது. நம்ம சனத்துக்குப் படிக்கற ஆசை இல்லாம இல்லீங்க, ஒரு தூண்டுதல் வேண்டியிருக்குது.

இப்ப வர்ற நாவலெல்லாம் படிக்கறீங்களா? படிக்கறதில்லையா. அது ஒரு தனி உலகமுங்க. முன்னாடியெல்லாம் பேய்ன்னா சுடுகாட்டுல இருக்கும், முனின்னா ஊருக்கு வெளிய பனைமரத்துல இருக்கும். இப்ப எல்லாத்தையும் டவுனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஒரு நாவல்ல முனி காந்திபுரம் மேம்பாலத்துக்கடியில குடியிருக்குது. பகல்ல பைக் டாக்ஸி ஓட்டுது. நான் வட்டத்துல கேட்டேன், முனிக்கு லைசன்ஸ் குடுத்தது யாரு, எந்த ஆபீஸ்ல எட்டுப் போட்டுக் காட்டுச்சு? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குதில்லீங்க? ஆனா ஒண்ணு, அந்த முனி ராத்திரி சுருட்டுக்காக டெலிவரி பையனைக் கூப்புட்டு, வந்தவன் பயந்து ஓட, அது பின்னாலயே போய் அஞ்சு ஸ்டார் குடுக்குதே, அந்த எடத்துல விழுந்து விழுந்து சிரிச்சேன்.

இன்னொண்ணு. ஏழு கன்னிமாரும் பீளமேட்டுல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கியிருக்காங்க. ஆத்தங்கரை பூரா கட்டடம் கட்டிட்டாங்களாம், தங்க எடமில்லையாம். வார்டன் பொழுதோட கேட்டைப் பூட்டிருவா. இவளுக செவுரேறிக் குதிச்சு ஊரைக் காப்பாத்தப் போறாளுக. படிச்சவங்க எல்லாம் ஆகா ஓகோன்னாங்க. எனக்கு அந்த நாவல்ல புடிச்ச ஒரே ஆளு வார்டன்தானுங்க. எத்தனை தடவை ஏமாந்தாலும் மறுபடியும் பூட்டறா பாருங்க, அந்தப் பொறுப்பு! மதிவதனிக்கு அப்பவே கோவம். 'அந்த வார்டன் தெய்வத்தையே உள்ள போட்டுப் பூட்டறாளுங்க அங்கிள்'னு சண்டைக்கு வந்துருச்சு. தெய்வமா இருந்தாலும் ஹாஸ்டல்ல சேர்ந்தா ஹாஸ்டல் சட்டந்தானே அம்மிணின்னேன். நான் பேசுனா மறுபேச்சு இருக்காது.

கதவு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு... இல்லை. காத்து.

அப்புறம் இந்த டிஸ்டோப்பியான்னு ஒரு வகை. நான் தமிழ்ல கெட்டுப்போன ஊர்க் கதைன்னு சொல்லுவேன். அதுலதானுங்க எனக்கு உசுரே. ஒரு நாவல், சிறுவாணித் தண்ணி பூராவும் ஒரு கும்பல் கையில போயிருது. யாரு ஒழுங்கா நடந்துக்கறாங்களோ அவங்களுக்குத்தான் குழாய்ல தண்ணி வரும். நடத்தைக்கு மார்க்கு. ஒரு பொம்பளை எதுத்துப் பேசிட்டாள்னு அவ வீட்டுக்குழாய அடைச்சிர்றாங்க. கைக்குழந்தை வேற. படிச்சிட்டு நான் அழுதுட்டேங்க. வட்டத்துல எந்திரிச்சு நின்னு அந்தப் பக்கத்தைச் சத்தமாப் படிச்சேன். மனுசனுக்கு மனுசன் இப்படிப் பண்ணுவானான்னு கேட்டேன். உங்க புள்ளதான் கேட்டுச்சு, 'போன மாசம் குப்பையப் பிரிச்சுப் போடலைன்னு மூணாவது மாடிக்குத் தண்ணி நிறுத்துனீங்களே அங்கிள், அது?'ன்னு. பாருங்களேன்! அது குப்பைங்க. இது கொடுங்கோல். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயே எம்.எஸ்சி. முடிச்சிருக்குது.

தண்ணியா? இந்தாங்க, பாட்டில் இருக்குது. ஓ, அதைக் கேக்கலையா? புள்ள வீட்டுல தண்ணி வருதான்னு கேக்கறீங்களா? வால்வுல வேலைங்க. நேத்துல இருந்து நாலாவது மாடியில அந்த ஒரு வீட்டுக்கு மட்டும். சரியாயிரும். இன்னைக்குக் காலி பண்ணிட்டா இன்னைக்கே சரியாயிரும்.

நீங்க என்னை அப்படிப் பாக்காதீங்க. நான் ராட்சசன் இல்லை.

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்க புள்ள ஒரு நாவல் எழுதுச்சே, தெரியுங்களா? தெரியும்னு தலையாட்டறீங்க. படிச்சீங்களா? படிச்சிருக்கீங்க! அப்பச் சரி, நம்ம ரெண்டு பேரும் பேசலாம். நல்லா எழுதற கை, நான் இல்லைன்னு சொல்லலை. செவுரு கட்டுன ஒரு ஊரு, செவுத்துக்கு வெளிய என்ன இருக்குதுன்னே யாருக்கும் தெரியாது, உள்ள தெருவுக்குத் தெரு கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் ஒரு கோபுரத்துல இருக்கற ஒரு ஆளுக்குத் தெரியற மாதிரி வெச்சிருக்குது. அது வரைக்கும் பிரமாதம். எங்க கோட்டை விட்டுச்சு தெரியுங்களா? வில்லன்ல.

அந்தக் கோபுரத்து ஆளு எப்படி இருக்கோணும்? கண்ணு செவந்திருக்கோணும். பேசுனா நடுங்கோணும். உங்க புள்ள எழுதியிருக்கறது என்ன? மஃப்ளர் கட்டிட்டு ஒரு பெரியவரு. புறாவுக்கு அரிசி போடறாரு. மூணு தெரு தள்ளி ஒரு வீட்டுல ஒரு பொம்பளை அழுதா அவருக்கும் கண்ணுல தண்ணி வருது. ஆனாலும் அவளைச் செவுத்துக்கு வெளிய தள்ளச் சொல்லிட்டு, உங்க நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டு, உக்காந்து சுக்குக் காப்பி குடிக்கறாரு. ஏனுங்க, வில்லன் சுக்குக் காப்பி குடிப்பானா? அவனைப் பாத்து யாருக்குப் பயம் வரும்? நம்பற மாதிரியே இல்லை.

நான் வட்டத்துல ஒளிவு மறைவில்லாமச் சொன்னேன். அந்தப் பக்கத்தை எடுத்து, குரலை ஏத்தி எறக்கிப் படிச்சேன். சனம் சிரிச்சுது பாருங்க! ஆடிட்டர் வீட்டம்மா முந்தானையில வாயப் பொத்திட்டு வெளியவே ஓடிருச்சு. பின்னால ஃபிளாஸ்க்கோட நின்னுட்டிருந்த எங்கூட்டுக்காரி சாமியாத்தா, அவளும் சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்து எத்தனையோ வருசமாச்சுங்க. அவ்வளவு மோசமா எழுதியிருக்குது. எனக்குப் பாவமாப் போயிருச்சு. புள்ளையத் தனியாக் கூப்புட்டு, மனசு விட்ராதே அம்மிணி, அடுத்த நாவல்ல வில்லனைச் சரி பண்ணிக்கலாம்னேன். அது என்னையே பாத்துட்டு, 'அவரு வில்லன்னு நான் எங்கயும் எழுதலையே அங்கிள்'னு சொல்லிட்டுப் போயிருச்சு. பதில் சொல்லத் தெரியலைன்னா அப்படித்தான் எதையாவது சொல்லுவாங்க.

எதுக்குங்க சிரிக்கறீங்க? இல்லை, சிரிச்சீங்க. சரி, உடுங்க.

சாமியாத்தாவைப் பத்திச் சொன்னேனில்ல. படிக்கற பழக்கமெல்லாம் கெடையாதுங்க அவளுக்கு. வாயில்லாப் பூச்சி. அவ தங்கச்சி ஊட்டுக்குப் போறதா இருந்தாலும் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் செருப்பை மாட்டுவா. கேட்டைத் தாண்டுனா எனக்கு ஃபோன்ல மெசேஜ் வர்ற மாதிரி வெச்சிருக்கேன், ஒரு பாதுகாப்புக்கு. அவ வெளியவே போறதில்லை. இதோ, நேத்துல இருந்து பாக்கறேன், குடம் குடமாத் தண்ணி தூக்கிட்டு மேல போறா. மொட்டை மாடியில துளசிச் செடி வெச்சிருக்கறா. ஒரு செடிக்கு எத்தனை குடம்டின்னு கேட்டேன். வெயில் அதிகம்னா. பக்தி ஜாஸ்தி.

அந்த நாவல் வந்தப்புறம் ஆரம்பிச்சுதுங்க வினை. ஒருநா காலையில இந்த டிவியப் போட்டா, நாலாவது மாடிக் கட்டம் மட்டும் மங்கலா ஆரஞ்சாத் தெரியுது. ரிப்பேருன்னு நினைச்சு மேல போய்ப் பாத்தா, கேமராக் கண்ணு மேல பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது. காலண்டர்ல வருமே, சின்னப் பிள்ளையாரு. உங்க புள்ளையக் கேட்டா, 'என் கதவையே பாத்துட்டிருக்குதே அங்கிள், சாமியாவது பாக்கட்டும்னு ஒட்டுனேன்'னு சொல்லுது. குசும்பப் பாருங்க. செக்யூரிட்டியக் கூப்புட்டுக் கிழிடான்னேன். சாமிங்க, நான் கிழிக்க மாட்டேன்னுட்டான். எலெக்ட்ரீசியன் மாட்டேன்னுட்டான். கூட்டிப் பெருக்கறவனும் மாட்டேன்னுட்டான். கடைசியில நானே தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, கேமராவுக்கு முன்னால கற்பூரம் காட்டி, கன்னத்துல போட்டுட்டு, மெதுவா உரிச்செடுத்தேன். இன்னும் பூசை ரூம்லதான் இருக்குது. தூக்கிப் போடவும் மனசு வரலை.

அடுத்த நாளு பாத்தா மூணாவது மாடியில ஆஞ்சநேயர். முதல் மாடியில வேளாங்கண்ணி மாதா. அஞ்சாவது மாடி பாய் வீட்டுக்கிட்ட எழுநூத்தி எண்பத்தாறுன்னு எழுதி ஒட்டியிருக்குது. எங்க மாடியில, ரெண்டாவது மாடியிலயே, மறுபடி ஒரு பிள்ளையாரு! பதிவைப் போட்டுப் பாத்தா, கேமராவுக்குப் பின்னால இருந்து ஒரு கை மட்டும் வருது. பச்சைக் கண்ணாடி வளையல். ஆடிட்டர் வீட்டம்மாவாத்தான் இருக்கோணும்னு கண்டுபுடிச்சிட்டேன். அது கையில வளையலே போடறதில்லைன்னு சாதிக்குது.

டிவி பூராச் சாமிங்க. ஒவ்வொண்ணாக் கற்பூரம் காட்டி உரிச்செடுக்க ஒரு வாரமாச்சு, அது வரைக்கும் என்னால ஒண்ணையும் பாக்க முடியலை. நீங்க நம்ப மாட்டீங்க, எனக்கு மூச்சே முட்டிருச்சு. நான் பாக்கலைன்னா இங்க என்னாகும்? யாருக்காவது ஒண்ணுன்னா? இது கலகந்தானுங்களே? யாரு கலகத்துக்கு விதை போட்டது? அதான் கமிட்டியக் கூட்டுனேன். கமிட்டின்னா நானும் பொருளாளரும். வீட்டு ஓனர் துபாயில இருக்காரு, ஃபோன் போட்டேன். 'உங்க இஷ்டம் சார், என்னை இதுல இழுக்காதீங்க'ன்னுட்டாரு. ஓனர் துணை இல்லாத வாடகைக்காரரைக் கமிட்டி காலி பண்ணச் சொல்லலாம். நான் எழுதுன சட்டந்தான். ஓனர் தன் வீட்டுல யாரைத் தங்க வெச்சாலும் நான் கேக்க முடியாது, அது ஒறம்பரை, விருந்தாளிக் கணக்கு. ஓனரே கை கழுவிட்டா, வாடகைக்காரர் யாருங்க? வெளியாளு.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான். இருடா, வர்றேன். சொல்லுங்கய்யா. ஒரு வார்த்தை. உங்களுக்கும் சங்கடந்தான், எனக்குத் தெரியுது. ஊருக்குக் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கங்க. எழுதறதை அங்க உக்காந்தும் எழுதலாமே. கம்பெனி வேலை போனாப் போகட்டும், இன்னொண்ணு கெடைக்காமயா போயிரும்? நான் சொல்றது தப்புங்களா?

அந்தக் கதவையே பாத்துட்டிருக்கீங்களே. இவ்வளவு நேரம் நான்தான் பேசிட்டிருக்கேன்.

அட, தொறந்துருச்சு! பாருங்க, பாருங்க, கதவைத் தொறந்துட்டா. பை ஒண்ணு. இன்னொரு பை. அந்த அட்டைப்பெட்டி பூரா புஸ்தகம். நாந்தான் குடுத்தேன் பாதி. முகத்தைப் பாருங்க, அழுதிருக்குது. எனக்கு என்னமோ பண்ணுதுங்க, சத்தியமா. பெத்த புள்ளைய அனுப்பற மாதிரி இருக்குது. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதில்ல.

அது யாரு, பக்கத்து வீட்டுக்காரன் வந்து பெட்டியத் தூக்கறான். நல்ல பையன், சொன்னதுமே உதவிக்கு வந்துட்டான். ஆடிட்டர் வீட்டம்மா. பாயி. என்னது, எல்லாரும் வர்றாங்க? வழியனுப்ப வந்திருப்பாங்க. நல்லவேளைங்க, பிரச்சனை இல்லாம முடியுது. நான் வேற பயந்துட்டு இருந்தேன்.

சாமியாத்தா அங்க என்ன பண்றா? துளசிக்கு ஊத்திட்டு எறங்கி வந்திருப்பா. பாருங்க, புள்ள கையில இருந்து பைய வாங்கறா. எளகுன மனசு அவளுக்கு. லிஃப்ட்டுல ஏறிட்டாங்க. வாங்க, எந்திரிங்க, வாசலுக்குப் போலாம். கீழ வந்ததும் நீங்க நேராப் போய் அந்த வார்த்தையச் சொல்லிருங்க. எல்லாருக்கும் முன்னால சொன்னீங்கன்னா இன்னும் நல்லது.

இதென்ன கெரகம். லிஃப்ட் ரெண்டுல நின்னுருச்சு.

தப்பா அமுக்கிட்டா போல. மூடி மறுபடி வரும். இருங்க. எறங்கறாங்களே? எதுக்கு எறங்கறாங்க? பைய எறக்கறாங்க. அது எங்க மாடிங்க. அங்க எங்க போறாங்க? பெட்டியத் தூக்கிட்டு அந்தப் பையன் எங்கூட்டு வாசல்ல நிக்கறான். சாமியாத்தா இடுப்புல இருந்து சாவி எடுக்கறா. கையில பச்சைக் கண்ணாடி வளையல். அடியே! அடியே சாமியாத்தா, என்னடி பண்றே?

உள்ள வெக்கறாங்க. புள்ள பையெல்லாம் உள்ள போகுது. எங்கூட்டுக்குள்ள!

முடியாதுங்க. அது முடியாது. நான் செக்ரட்டரி, எங்கூட்டுலயே எப்படி? ஓனர் சம்மதம் வேணும். ஓனர்... அது அவ பேருலதானுங்க இருக்குது. அவங்கப்பன் குடுத்த நெலத்தை வித்துத்தான் வாங்குனோம், பொம்பளை பேருல எழுதுனாச் செலவு கம்மின்னு நாந்தான் அவ பேருக்கு எழுதச் சொன்னேன். சும்மா ஒரு பேருக்குத்தானுங்க. அவளுக்கு அந்த நெனப்பே இருக்காதுன்னு இருந்தேன். ஒறம்பரைன்னு சொல்லுவாளா? எம்பட சட்டத்தை எடுத்து எங்கிட்டயே சொல்லுவாளா? அவளுக்கு எப்படித் தெரியும் அந்தச் சட்டமெல்லாம்? வட்டத்துல காப்பி ஊத்திட்டு நிப்பா, அவ்வளவுதான். எதையும் கேக்கற மாதிரியே இருக்க மாட்டா.

ஃபோன் போடறேன். இருங்க. ரிங் போகுது... எடுக்க மாட்டேங்கறா. கட் பண்ணிட்டா. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல ஒருக்காக்கூட எம்பட ஃபோனைக் கட் பண்ணுனதில்லீங்க அவ.

எனக்கொரு மெசேஜ் வந்திருக்குது. கேட்டுல இருந்து. 'ரெண்டாம் மாடி விருந்தாளி, வேடசந்தூர், ஓனர் அனுமதி'. உங்களைத்தான். உங்களைச் சாப்புடக் கூப்புட்டிருக்கறா. ஓனராமா!

எந்திரிச்சுட்டீங்க? போறீங்களா? ஐயா, சித்தே நில்லுங்க, அந்த ஒரு வார்த்தை... என்ன சொன்னீங்க? 'எம்பட புள்ள இங்கயேதான் இருக்கும்'. சரிங்க. சரி. போங்க. லிஃப்ட் தொறக்கும் உங்களுக்கு. படிக்கட்டுக்குப் பக்கத்துல ரெண்டாவது கதவு. நானும் கூட வரட்டுங்களா? வேண்டாமா? சரி, நான் அப்புறமா...

ஒரு உதவி பண்ணுங்க. மேல போனதும் எனக்கொரு ஃபோன் போட்டு, உள்ள என்ன பேசிக்கறாங்கன்னு சொல்லுங்க. கதவைச் சாத்திட்டாங்க, எதுவும் தெரியலை. எல்லாத் தாழ்வாரத்துலயும் கேமரா வெச்சேன், குப்பைத் தொட்டிக்குக்கூட வெச்சேன். எங்கூட்டுக்குள்ள மட்டும் வெக்கலீங்க. எதுக்கு வெக்கோணும்? அங்கதான் நானே இருந்தேனுங்களே.